மூன்றாவது குழியின் ஈரம்

கரண்ட்டு லைன் மேஸ்திரியோடு சண்டை போட்டு ஜெயித்தவர்கள் எங்கள் எஸ்டேட்டில் ஒருவரும் கிடையாது. அவர் சண்டைக்கு வந்தால்தானே ஜெயிப்பதற்கு? நாம் பாட்டுக்குக் கத்துவோம். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, வெறுங்காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, அடுத்த மலையில் பெய்கிற மழையைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டு நிற்பார். நமக்கு மூச்சு வாங்கி நிறுத்தினால், "அவ்வளவுதானுங்களா அம்மிணி?" என்பார். கேலியாகக் கேட்டாலாவது பரவாயில்லை. நிஜமாகவே கேட்பார். இன்னும் பாக்கி இருந்தால் அதையும் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அப்போது கொல்லிமலையில் ஒரு காப்பி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்சம்மா. ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், ஒரு வாட்ச்மேன். டாக்டர் மாதம் ஒருமுறை கீழேயிருந்து வருவார், அதுவும் மழை இல்லாவிட்டால். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். மலைக்கு ரோடு கிடையாது. காரவள்ளியில் வண்டியை விட்டு இறங்கினால் அதற்கு மேல் கால்தான். மருந்துப் பெட்டி, மண்ணெண்ணெய், உப்பு, மானேஜர் உட்காரும் நாற்காலி எல்லாமே ஆள் சுமந்துதான் மேலே வரவேண்டும். அப்படித்தான் ஒரு டைனமோவும் மூங்கிலில் கட்டித் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. ஓடைக்கரையில் அதற்கு ஒரு கொட்டகை. தண்ணீர் விழுந்து சக்கரம் சுற்றும், சக்கரம் டைனமோவைச் சுற்றும். அங்கிருந்து காப்பிப் பழம் உரிக்கிற மிஷினுக்கு ஒரு லைன், மானேஜர் பங்களாவுக்கு ஒரு லைன், மொட்டைப் பாறை மேட்டின் மேலேயே ஓடி என் ஆஸ்பத்திரிக்கு ஒரு லைன். கடைசி லைனின் முனையில், பிரசவ மேஜைக்கு நேர் மேலே, ஒரே ஒரு பல்பு தொங்கியது.

அந்தப் பல்பு எனக்கு என்ன என்று சொன்னால்தான் மற்றது புரியும். அது வருவதற்கு முந்தின வருஷம், மலையிலேயே பக்கத்து ஊரான எடப்புளி நாட்டிலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிள்ளை பிறந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. எங்கே கிழிந்திருக்கிறது என்று லாந்தர் வெளிச்சத்தில் என் கண்ணுக்குத் தெரியவில்லை. லாந்தரைக் கிட்டே பிடி, கிட்டே பிடி என்று கத்துகிறேன், பிடித்திருந்தவளின் கை நடுங்குகிறது, நிழல் ஆடுகிறது. தெரிந்திருந்தால் நாலு தையல். அவ்வளவுதான் விஷயம். அவள் பெயர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சொல்லமாட்டேன்.

பல்பு வந்த முதல் சித்திரையிலேயே மேட்டின் மேல் இடி விழுந்தது. விழுந்த இடி கம்பியைப் பிடித்துக்கொண்டே ஓடிப்போய், ஓடைக்கரையில் இருந்த டைனமோவின் சுருளை எரித்துவிட்டது. அதைக் கழற்றிக் கீழே இறக்கி, எங்கேயோ அனுப்பிச் சுற்றி வாங்கி, திரும்ப மலையேற்றுவதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. மானேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரே வார்த்தையில் சொன்னார்: இன்னொரு தடவை டைனமோ எரிந்தால் ஆஸ்பத்திரி லைனை அறுத்துவிடுவேன், மேட்டில் ஓடுகிற அந்த லைன்தான் இடியைக் கூப்பிடுகிறது. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்த ஐப்பசியில்தான் லைன் மேஸ்திரி வந்தார். காரவள்ளிப் பக்கத்து ஆள். சமவெளியில் பெரிய கரண்ட்டுக்குக் கோபுரம் நட்டபோது கூலிக்குக் குழி வெட்டப் போனவர், அண்ணாந்து பார்த்துப் பார்த்தே மேல்வேலையையும் கற்றுக்கொண்டவர். பார்த்தால் ஒரு லட்சணமும் இருக்காது. ஒட்டடைக் கம்பு உயரம். ஒரு தோள் இறங்கியிருக்கும். காக்கி அரை நிக்கர், இடுப்பில் ஒரு குறடு, ஒரு அரம், ஒரு சின்னத் துணி முடிச்சு. முடிச்சில் என்ன என்று கேட்டேன். அவிழ்த்துக் காட்டினார். முழுத் துவரை. மடியில் துவரை கட்டிக்கொண்டு திரிகிற கரண்ட்டு ஆளை நான் அதற்கு முன்னாலும் கண்டதில்லை, பின்னாலும் கண்டதில்லை.

துவரை எதற்கு என்று பிறகுதான் தெரிந்தது. கொட்டகைப் பக்கம் ஒன்று, வழியில் ஒன்று, என் ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று என்று மூன்று கம்பங்களில் இடிதாங்கி வைத்தார். இரண்டு தாமிரக் கம்பிகளை மாட்டுக் கொம்பு மாதிரி வளைத்து எதிரெதிரே நிறுத்துவார். ஒரு கொம்பு லைனில் சேர்ந்திருக்கும். மற்றதிலிருந்து ஒரு கம்பி கம்பத்தோடு இறங்கி மண்ணுக்குள் போகும். இரண்டு கொம்பும் கிட்டே வருகிற இடத்தில் ஒரு துவரை நுழைகிற இடைவெளி. டைனமோ கரண்ட்டால் அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. இடி வந்தால் தாண்டிவிடும். தாண்டி மண்ணுக்குள் போய்விட்டால் டைனமோ பிழைத்தது, என் பல்பும் பிழைத்தது. ஒவ்வொரு மழைக்கும் பிறகு ஏணி போட்டு ஏறி, கொம்பு நுனியில் கரி பிடித்திருந்தால் அரத்தால் ராவி, நடுவில் சிலந்தி வலை கட்டியிருந்தால் துடைத்து, முடிச்சிலிருந்து நல்லதாக ஒரு துவரையைப் பொறுக்கி நுழைத்துப் பார்ப்பார். புழு அரித்த துவரையைத் தூக்கி எறிந்துவிடுவார்.

இடிதாங்கி என்ற பேர் அவருக்குப் பிடிக்காது. "தாங்கறதுக்கு நம்மால ஆவுமுங்களா? வழி உடறதுங்க இது. எறங்க வழி இருந்தா அது யாரையும் எரிக்காதுங்க" என்பார். இடியைப் பற்றிப் பேசும்போது வாசலுக்கு வந்துவிட்ட விருந்தாளியைப் பற்றிப் பேசுகிற மாதிரி அவ்வளவு பதவிசு.

அவருடைய உயிர் கொம்பில் இல்லை, குழியில் இருந்தது. ஒவ்வொரு கம்பத்தின் கீழும் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, கம்பியை ஒரு தகட்டோடு சேர்த்து இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடியிருந்தார். அந்த மண் காயக்கூடாது. காய்ந்தால் இடி இறங்காதாம், திரும்பி லைனுக்கே போய்விடுமாம். மாசி பிறந்தால் போதும், தோளில் தடி வைத்து இரண்டு பக்கமும் டின் கட்டிக்கொண்டு குழிக்குக் குழி தண்ணீர் சுமப்பார். தோள் இறங்கினது அப்படித்தான். ஊற்றிவிட்டு வலது கால் பெருவிரலைக் குழி மண்ணில் அழுத்தி நிற்பார். "காலுக்குத் தெரியுமுங்க" என்பார். செருப்பு ஒன்று வாங்கித் தருகிறேன் என்று மானேஜர் சொன்னதற்கு, வேண்டாமுங்க, அப்புறம் எனக்குக் கண்ணு தெரியாம போயிருமுங்க என்றாராம். சிரிக்காமல் சொன்னாராம்.

எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான். இது எங்கே போய் இறங்கும்? என் தாழ்வாரத்து ஓட்டுத் தண்ணீரிலிருந்து யுத்தத்துச் சேதி வரைக்கும் அதே கேள்வி. வாட்ச்மேன் பெண்டாட்டியிடம் வாங்கிய திட்டை மனதில் வைத்துக்கொண்டு வந்து நோயாளிகள் மேல் எரிந்து விழுவான். மேஸ்திரி அவனைக் கூப்பிட்டு வைத்து, அவன் பெண்டாட்டியைப் பற்றி அவன் சொல்கிற அத்தனையையும் பொறுமையாகக் கேட்டு அனுப்புவார். அன்றைக்கு என் நோயாளிகளுக்கு நிம்மதி. இதையெல்லாம் நான் அந்த நாளில் மெச்சினேன் என்று நினைக்க வேண்டாம். இந்த மனுஷனுக்கு ரோஷமே கிடையாதா என்றுதான் நினைத்தேன்.

மாட்டு விஷயத்திலும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாவது குழி, அதாவது என் ஆஸ்பத்திரி வாசல் குழி, பாறை மேட்டில் இருந்தது. ஈரம் தங்காத இடம் என்று அதற்கு அவர் உப்பு கூடுதலாகப் போட்டிருந்தார். மலையில் உப்பு என்றால் லேசான பண்டமா? சுமந்து வருகிற பண்டம். மாடுகளுக்கு உப்பு வாசனை போய்விட்டது. குழியைச் சுற்றி மண்ணை நக்கி நக்கிப் பள்ளமாக்கிவிட்டன. ஒரு புரட்டாசி மாலையில் இடி இறங்கும்போது குழியருகே ஒரு சினைப் பசு நின்றிருந்தது. டைனமோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பசு நின்ற இடத்திலேயே செத்துப்போயிற்று.

பசுவுக்குச் சொந்தக்காரி எடப்புளி நாட்டில் தினையும் மிளகும் போட்டுப் பிழைக்கிற பெண்பிள்ளை. மாட்டுக்காரம்மா என்றுதான் சொல்வோம். மேய வந்த மாட்டுக்கு நாம் என்ன செய்வது என்று மானேஜர் கைகழுவிவிட்டார். மேஸ்திரி மட்டும் தானாகவே கிளம்பி அவள் ஊருக்குப் போனார். காலையிலிருந்து உச்சிவரைக்கும் அவள் வாசலில் நிறுத்தி வைத்து ஊரே திட்டியதாம். அவர் நின்றாராம். கடைசியில் அவளே ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து உட்காரச் சொன்னாளாம். திரும்பி வந்தவரிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "திட்டு எறங்கிருச்சுங்க. அப்புறம் சும்மா நாயம் பேசிட்டு இருந்தமுங்க" என்றார். என்ன பேச்சு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தை மாதம் என் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று கீழே போனவள், பங்குனி பிறந்துதான் மலை ஏறினேன். வந்து பார்த்தால் என் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கோயில்!

வேறு என்ன சொல்வது? மூன்றாவது குழியின் ஓரத்தில் ஒரு பலகைக் கல் நட்டிருந்தது. மூன்று கழிகளை முக்காலி போலக் கட்டி, நடுவில் ஒரு பானை தொங்கியது. பானைக்கு அடியில் ஓட்டை போட்டுத் துணித் திரி செருகி, தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் குழியில் விழுந்துகொண்டிருந்தது. கோடையில் சிவன் கோயிலில் லிங்கத்தின் தலைக்கு மேல் தாராபாத்திரம் தொங்கவிடுவார்களே, அச்சாக அதேதான். பானை கழுத்தில் மஞ்சளும் பொட்டும் வேறு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊற்றுக்குப் போய்த் திரும்பிய பெண்கள் நாலைந்து பேர் வரிசையாக வந்து, ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீர் பானையில் ஊற்றிவிட்டுப் போனார்கள். ஒருத்தி தலையிலிருந்து ஒரு பூவை எடுத்துக் கல்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு உச்சி மண்டை கொதித்தது. காரணம் இல்லாமல் இல்லை. வலி எடுத்தால் முதலில் சாமிக்கு முடிந்துவைத்து, பூசை போட்டு, ஒரு நாள் முழுக்க வீட்டிலேயே பார்த்துவிட்டு, கை மீறினபின் என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிற வழக்கத்தோடு நான் வருஷக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது என் வாசலிலேயே ஒரு சாமியா? அதுவும் இந்த மேஸ்திரி, தோள்சுமை மிச்சமாகட்டும் என்று இவர்களுக்கு ஒரு சாமியைக் காட்டி ஏமாற்றித் தண்ணீர் சுமக்க வைத்துவிட்டாரே! அவரிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார், அந்த எரிச்சல் வேறு எதற்கு என்று நேரே பங்களாவுக்குப் போனேன். உங்கள் லைன் மேஸ்திரி மலை ஜனங்களுக்குக் கம்பத்தைச் சாமியாக்கி வைத்திருக்கிறார் என்று மானேஜரிடம் சொல்லிவிட்டு வந்தேன். சொன்னபின் மனசுக்கு இதமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாளே மூன்று குழியிலும் தொங்கிய பானைகளை உடைத்தார்கள். கல்லைப் பெயர்த்துப் போட்டார்கள். மலை ஜனங்கள் கம்பத்துப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தாராம், மானேஜர் கேட்கவில்லை. "சரீங்க" என்று வந்துவிட்டார். மறுபடியும் தடியும் டின்னும் தோளில் ஏறின. போதாததற்குப் பங்குனி முழுக்க மானேஜர் அவரை மிஷின் கொட்டகைக்கு ஓடு மாற்றப் போட்டுவிட்டார். வேலை முடிந்து இருட்டுவதற்குள் எத்தனை நடைதான் சுமக்க முடியும்? ஓடையும் சுருங்கிவிட்டது. என்னைப் பார்த்தால் எப்போதும் போலக் கும்பிட்டு, "ஏனுங்க அம்மிணி, சௌக்கியமுங்களா?" என்பார். குழியில் கால்விரலை அழுத்திக்கொண்டு நிற்கிற நேரம் மட்டும் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போயிற்று. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சித்திரையில் ஒரு நாள் நடுப்பகலில் ஒரு பெண்ணைத் தூளி கட்டித் தூக்கிவந்தார்கள். மாட்டுக்காரம்மாவின் மகள், தலைப்பிரசவம். வலி எடுத்து இரண்டு நாழிகைகூட ஆகவில்லை. இவ்வளவு சீக்கிரம் யாரும் என்னிடம் வந்ததே இல்லை. ஆச்சரியத்தை வெளியே காட்டாமல் மேஜையில் ஏற்றினேன். மூன்று மணிக்கு மேகம் வந்து மேட்டின் மேல் உட்கார்ந்தது. ஜன்னல் கறுத்துவிட்டது. லாந்தரில் மண்ணெண்ணெய் இல்லை. ரேஷன் கார்டுக்குக் கொடுக்கிற மண்ணெண்ணெய் அந்த மாதம் இன்னும் மலை ஏறவில்லை. லைட் வேண்டும், உடனே சக்கரத்துக்குத் தண்ணீர் விடுகிற மதகைத் திறக்கச் சொல் என்று வாட்ச்மேனை ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் பல்பு எரிந்தது. அதே நேரத்தில் தூரத்தில் முதல் இடி உருண்டது.

அடுத்த இடிக்குள் மேஸ்திரி வாசலில் நின்றார். தோளில் இரண்டு டின். இரண்டையும் குழியில் கவிழ்த்தார். மண் உறிஞ்சுகிற சத்தம் உள்ளே எனக்குக் கேட்டது. பெருவிரலை அழுத்திப் பார்த்துவிட்டு வாசற்படிக்கு வந்தார். வழக்கமாக முதல் இடிக்கே கொட்டகையில் சுவிட்சைத் தள்ளி டைனமோவைப் பிரித்து வைத்துவிடுகிற ஆள் இங்கே எதற்கு நிற்கிறார் என்று எனக்குத் திக்கென்றது.

"சுவிட்ச நான் எடுக்கலீங்க அம்மிணி" என்றார். "எடுத்தா மிஷின் பொழைச்சுக்கும், உங்களுக்கு வெளக்கு போயிரும். உள்ள ரெண்டு உசிரு கெடக்குது. உட்டு வெச்சிருக்கேனுங்க. ஆனா இந்தக் குழி காஞ்சு கெடக்குது. இது வாங்காதுங்க. எனக்குத் தண்ணி வேணும்."

பிரசவ அறையில் மூன்று குடம் பச்சைத் தண்ணீரும் அடுப்பில் ஒரு அண்டா வெந்நீரும் இருந்தன. அவர் பார்வை அங்கே போவதைப் பார்த்ததும் நான் சாமியாடிவிட்டேன். பிரசவத் தண்ணீரைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன், நீரும் உம்முடைய குழியும் நாசமாய்ப் போங்கள் என்று என்னென்னவோ கத்தினேன். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். இடி நெருங்கிக்கொண்டிருக்கிறது, மேஜையில் ஒருத்தி கதறுகிறாள், இவர் நின்று கேட்கிறார்!

"அவ்வளவுதானுங்களா அம்மிணி?"

நான் பதில் சொல்வதற்குள் மாட்டுக்காரம்மா மகளின் தலைமாட்டிலிருந்து எழுந்துவிட்டாள். ஒரு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். கூட வந்திருந்த பெண்கள் இரண்டு பேர் மற்றக் குடங்களை எடுத்தார்கள். கம்பத்துப் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு இருக்கிறதே என்று வாட்ச்மேன் முனகினான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சாமிக்கு இப்போது என்ன அவசரம் என்று நான் அவளிடம் எரிந்து விழுந்தேன்.

அவள் நின்று என் முகத்தைப் பார்த்தாள். "சாமின்னு யாருங்க சொன்னது? எம்மாடு செத்த எடமுங்க அது. ஈரமா இருந்தா வந்தது மண்ணுக்குள்ள போயிரும், உங்க வெளக்கு நிக்கும்னாரு. அதுக்குத்தானுங்க தெனம் ஊத்தினம். மாடு வராம இருக்கத்தான் கல்லு நட்டது. மாட்டுக்கு எங்கூரு மந்தையில தனியா உப்புக்கல்லு வெச்சுக் குடுத்திருக்காரு. மாடெல்லாம் இப்ப அங்கதான் போவுது. வலி வந்தா நேரா வெளக்கு இருக்கற எடத்துக்குப் போயிருங்கன்னு ஊடு ஊடா வந்து சொன்னதும் அவருதானுங்க."

பொட்டு? பூ? என்று கேட்க வாயெடுத்தேன். புதுப் பானைக்குப் பொட்டு வைக்காமல் எந்த ஊரில் தண்ணீர் ஊற்றுவார்கள்? நான் பிறந்த வீட்டில் என் அம்மா வைக்கமாட்டாளா?

மூன்று குடமும் குழிக்குள் போயின. மேஸ்திரி விரலை அழுத்திவிட்டுத் தலையை ஆட்டினார், போதாது என்று. நான் அடுப்பைப் பார்த்தேன். ஊசிக்கும் கத்தரிக்கோலுக்கும் ஒரு கெட்டில் மட்டும் மொண்டு வைத்துக்கொண்டு, அண்டாவை எடுத்துக்கொண்டு போ என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். மாட்டுக்காரம்மாவும் அவனும் ஆளுக்கு ஒரு காதைத் துணி வைத்துப் பிடித்துத் தூக்கிப் போனார்கள். குழியிலிருந்து ஆவி எழும்பிற்று. அதற்குள் வானம் தலைக்கு மேலே வந்துவிட்டது. மேஸ்திரி எல்லோரையும் உள்ளே விரட்டினார். தான் மட்டும் தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போய், கொம்பையே பார்த்துக்கொண்டு குந்தினார்.

பிள்ளை வந்துவிட்டது. பெண் பிள்ளை, அழுதது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. குனிந்து பார்த்தேன். பல்பு வெளிச்சத்தில் கிழிசல் தெளிவாகத் தெரிந்தது. ஊசியை எடுத்து முதல் தையல் போட்டேன். இரண்டாவதற்குக் குத்தும்போது அறை முழுக்க வெள்ளையாயிற்று. கூடவே வாசலில் பெரிய மண்சட்டியைப் பாறையில் போட்டு உடைத்த மாதிரி ஒரு சத்தம். பல்பு மங்கிற்று. சிவந்து, ஒரு இழை மட்டும் தெரிகிற அளவுக்கு இறங்கிவிட்டது. ஊசி சதையில் இருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசலில் கொம்பு இரண்டுக்கும் நடுவே நீல நெருப்பு மேலே மேலே ஏறி விரிவது ஜன்னலில் தெரிந்தது. இடி திறந்த வழியில் டைனமோ கரண்ட்டும் சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று கேட்காதீர்கள். நெருப்பு கொம்பு நுனிவரை போய் அறுந்தது. பல்பு திரும்ப வந்துவிட்டது.

அப்புறம் மூன்று தையல் போட்டேன். ரத்தம் நின்றது.

மழை விட்டபின் மேஸ்திரி சொட்டச் சொட்ட வாசற்படியில் வந்து நின்றார். முதலில் பல்பைப் பார்த்தார். பிறகுதான் பிள்ளையைப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார். கொட்டகைக்குப் போய் டைனமோவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவரை நான் நிறுத்தினேன். மானேஜரிடம் சொன்னது நான்தான் என்றேன்.

"தெரியுமுங்க."

தெரிந்துமா இத்தனை நாள் கும்பிட்டுச் சௌக்கியம் விசாரித்தீர்கள் என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது. அதை மறைப்பதற்காகக் குரலை உயர்த்திக் கேட்டேன்.

அவர் பெருவிரலால் வாசல் ஈரத்தைக் கிளறிக்கொண்டே யோசித்தார். "கோவம் வந்தா எங்கயாச்சும் எறங்கித்தானுங்க ஆவோணும். அதுல தப்பு இல்லீங்க. எங்கிட்டயே எறக்கியிருக்கலாமுங்க அம்மிணி. பக்கத்துலதானுங்க இருந்தேன். நீங்க பங்களாவுல கொண்டு போயி எறக்கினீங்க, மூணு குழியும் காஞ்சு போச்சு."

இவ்வளவுதான் அவர் சொன்னது. குறையாகக்கூடச் சொல்லவில்லை. எந்தக் கம்பத்தில் என்ன பழுது என்று சொல்கிற குரலில் சொன்னார். சொல்லிவிட்டு இருட்டுகிறதுங்க, வாரேனுங்க என்று மேட்டில் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் பங்களாவுக்குப் போய், நான் சொன்னது தப்பு, அது சாமி இல்லை, நான் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்று மானேஜரிடம் சொன்னேன். டைனமோ பிழைத்த சந்தோஷத்தில் அவர் உத்தரவை வாபஸ் வாங்கினார். அன்று காலையிலேயே முதல் குடத்தை நான்தான் மூன்றாவது குழியில் ஊற்றினேன். ஊற்றுக்குப் போய்க்கொண்டிருந்த மாட்டுக்காரம்மா நின்று, "ஏனுங்க நர்சம்மா, எந்தச் சாமிக்குங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு வேண்டியதுதான்.

நாலு நாள் கழித்துப் பார்த்தால், தண்ணீர் குடிக்க நான் காரவள்ளியிலிருந்து சொல்லி வைத்து வாங்கிய புதுப் பானையைக் காணோம். தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அடியில் ஓட்டை போட்டு, திரி செருகி, முக்காலியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. உடைத்த பானைக்குப் பதில் பானை மலை ஏற இன்னும் எட்டு நாள் ஆகுமாம், அதுவரைக்கும் இது இருக்கட்டும் என்று மேஸ்திரி எடுத்துக்கொண்டாராம். பானையின் அருமை இந்த மனுஷனுக்குத் தெரியுமா? கோடையில் அந்தப் பானைத் தண்ணீரைக் குடித்துப் பார்த்திருக்கிறாரா? முன்பானால் வாட்ச்மேனிடம் புலம்பியிருப்பேன், இல்லாவிட்டால் பங்களாவுக்கு நடந்திருப்பேன். அன்று நேரே அவரிடமே போனேன். ஏணியில் இருந்தவரைக் கீழே இறங்கச் சொல்லி, எதிரே நிறுத்தி வைத்து, மூச்சு வாங்குகிற வரைக்கும் கத்தினேன். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, காலை அகட்டி ஊன்றி, கையில் ஒரு துவரையோடு எல்லாவற்றையும் கேட்டார்.

"அவ்வளவுதானுங்களா அம்மிணி?"

"அவ்வளவுதான்" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஏணியில் ஏறினார். நான் போய்ப் பானைக்கு ஒரு பொட்டு வைத்தேன்.